மூன்றாவது புள்ளி என் கைவேலை

மாடம்பாக்கம்,
வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைமை ஆபீசில் பெரிய நாற்காலியில் இருக்கிற என் தங்கை மகன் சிரஞ்சீவி ஜெயவேலுவுக்கு, தாம்பரம் ஸ்டேஷன் மாஜி போர்ட்டரும் உன் தாய்மாமனுமான குப்புராஜ் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ஹில்டா டீச்சர் எழுதுவது. இங்கே எனக்கும் உன் அத்தை தனத்துக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் உன் சம்சாரமும் குழந்தையும், பேரன் எடுத்த பிறகும் பேபி என்றே கூப்பிடப்படுகிற என் தங்கையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. டீச்சரம்மா நல்ல தமிழ்க்காரர். நான் 'பேஜாராப் போச்சு' என்று சொன்னால் அவர் 'மிகவும் வருந்துகிறேன்' என்று எழுதுகிறார். வருத்தம் வேறு, பேஜார் வேறு. எனக்கு இரண்டும் இருக்கிறது, அதனால் இரண்டையும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் ஒரு புள்ளி. என் மகள் வேதா உன் கமிட்டிக்கு அனுப்பிய காகிதத்தில் முதல் பக்கத்தில் மூன்று புள்ளி இருக்கிறது, மற்றப் பக்கங்களில் எல்லாம் இரண்டு புள்ளிதான் இருக்கிறது, தான் சொல்ல வந்ததையே ஒழுங்காக எழுதாதவருடைய யோசனையை எப்படிப் பரிசீலிப்பது என்று நீ கையெழுத்துப் போட்டுத் திருப்பி எழுதினாய் அல்லவா. அந்த மூன்றாவது புள்ளியை வைத்தது வேதா இல்லை. அவள் ஆபீஸ் பிரிண்டரும் இல்லை. நான் வைத்தேன். கண்மையால் வைத்தேன். திருஷ்டிக்கு வைத்தேன்.

இதை நேரில் சொல்ல பெங்களூர் வர முடியாது. போனில் சொல்லலாம் என்றால் எங்கள் தெருவில் எஸ்டிடி பூத் வைத்திருப்பவன் அரிகிருஷ்ணன். அவன் கண்ணுக்குப் பயந்துதான் அந்தப் புள்ளியையே வைத்தேன். அவன் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு அவன் கண்ணைப் பற்றி எப்படிப் பேசுவது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது சிபாரிசுக் கடிதம் இல்லை. சிபாரிசு என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்று வேதா கண்டிஷன் போட்டிருக்கிறாள். "ஜெயவேலு அத்தான்தான் கமிட்டியில இருக்கார்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாதுப்பா. நீ அவருக்கு லெட்டர் கிட்டர் போட்டேன்னு தெரிஞ்சுது, அன்னியோட நான் வேலைய விட்டுடுவேன்" என்றாள். அதனால் நீ என் தங்கை மகன் இல்லை என்று நினைத்துக்கொண்டே படி. உனக்குக் காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாய், ஆசாரி ஊசியை எடுத்ததும் என் புது வேட்டியை நனைத்துவிட்டாய், அந்த வேட்டிக்குக் கரை கூட மாம்பழக் கலர். அதற்காக நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு எல்லாம் தலைக்குள்ளேயே கிடக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது முதலில் இருந்து வருகிறேன். வேதா தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் உங்கள் கம்பெனிக் கிளையில்தான் வேலை பார்க்கிறாள் என்று உனக்கே தெரியும். அங்கே காண்டீனில் சாப்பிட தினமும் காலையில் மெஷின் டோக்கன் அடித்துக் கொடுக்கும். கேட்டில் ஏசுபாதம் என்று ஒரு வாட்ச்மேன், புதிதாகச் சேர்ந்தவர், அதனால் பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது. அவருக்கு மட்டும் டோக்கன் வராது. முதல் பெயரில் இருந்து கடைசிப் பெயர் வரைக்கும் அடி என்று மெஷினுக்குச் சொல்லி இருக்கிறார்கள். ஆனால் 'வரைக்கும்' என்றால் அந்தக் கடைசி ஆள் உள்ளேயா வெளியேயா என்பது அந்தக் கம்ப்யூட்டர் பாஷையில் ஒரு சின்னக் கீற்றில் இருக்கிறதாம். எழுதினவர் கீற்றை மறந்துவிட்டார். மெஷின் ஏசுபாதத்துக்கு முன்னால் போய் நின்றுவிடும். அந்த மனுஷன் பாவம், சண்டை போடவில்லை. வேதாவிடம் வந்து, "இன்னா மேடம், எனக்கு அப்புறம் ஒருத்தன வேலைக்கு எடுங்கோ. அப்பத்தான் எனக்குச் சோறு கிடைக்கும் போல கீது" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

வேதா அன்றைக்கே சரி செய்துவிட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஆறவில்லை. "ஒரு கோடு மறந்தா ஒரு ஆள் பட்டினிப்பா. இது இன்னா பாஷை? மறக்கவே முடியாத மாதிரி ஒண்ணு வேணும்" என்றாள். அப்போதுதான் நீங்கள் பெங்களூரில் கம்பெனிக்கென்று புதிதாக ஒரு பாஷை செய்கிறீர்கள், அதற்கு யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம் என்று தாக்கீது வந்தது. அவள் ஒரு சின்னம் கண்டுபிடித்தாள். டீச்சரம்மா இந்த இடத்தில் 'குறியீடு' என்று எழுதப் போனார். ஓட்டுப் போடுகிறவனுக்குச் சின்னம் என்றால்தான் புரியும், சின்னம் என்றே எழுதுங்கள் என்றேன்.

சின்னம் இரட்டைப் புள்ளி. எனக்குப் புரியாது என்று நினைத்து அவள் ரயிலை வைத்துச் சொன்னாள். "தாம்பரம், புள்ளி, புள்ளி, பீச். அவ்ளோதாம்ப்பா. தாம்பரமும் உண்டு, பீச்சும் உண்டு, நடுவுல அத்தினி ஸ்டேஷனும் உண்டு. ஒருத்தரையும் விடாது." நான் அந்தக் காலத்தில் அந்த வண்டிகளில் எத்தனை மூட்டை ஏற்றி இறக்கியிருக்கிறேன். இவ்வளவு நல்ல வண்டி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை. எங்கும் சிக்னலுக்கு நிற்காது, பீச் போய்த்தான் நிற்கும். என் மகள் புள்ளியால் ஒரு ரயில் விட்டுவிட்டாள் என்று ஸ்டேஷன் டீக்கடையில் போய்ச் சொன்னேன். எந்த பிளாட்பாரம் என்று கேட்டார்கள்.

இரண்டு வருஷம் அதே வேலையாக இருந்தாள். வந்த வரன்கள் எல்லாம் தள்ளிப் போயின. ஆபீஸ் முடிந்ததும் பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து அடிப்பாள், படிப்பாள், கிழித்துப் போடுவாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை சுத்தமாக அடித்து முடித்த காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, என் கையில் கொடுத்து, "பாருப்பா" என்றாள். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கொடுத்தாள். நான் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் மேலே தலைப்பு, அதற்குக் கீழே அவள் பெயர், அப்புறம் நடுவில் ஒரு வரியில் வேறு ஒன்றுமே இல்லாமல் இரண்டு புள்ளி மட்டும், கொட்டை கொட்டையாக, பிறந்த குழந்தையின் கண் மாதிரி முழித்துக்கொண்டிருந்தது.

அவள் தலைக்குக் குளிக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து அரிகிருஷ்ணன் ஏணி கேட்டு வந்தான். ஜெயவேலு, அரிகிருஷ்ணன் நல்லவன், இல்லை என்று சொல்லவில்லை. அவன் கண் அப்படி. எங்கள் முருங்கை மரத்தைப் பார்த்து "இன்னா காய்ப்பு நைனா!" என்றான், அந்த வாரமே அடித்த காற்றில் மரம் இரண்டாகப் பிளந்தது. தனம் போட்ட ஆவக்காய் ஊறுகாயை மோந்து பார்த்து "ஜோரா கீது அத்த" என்றான், ஜாடி முழுக்கப் பூஞ்சை பிடித்தது. டீச்சரம்மாவின் புது சைக்கிளைத் தடவிக் கொடுத்தான், அது சர்ச் வாசலில் இருந்தே காணாமல் போனது. டீச்சரம்மா இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு, "பெரியவரே, நான் பூட்ட மறந்துட்டேன். நாங்க இதெல்லாம் நம்பறதில்ல" என்கிறார். அவர் பேரனை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் போகும்போது காதுக்குப் பின்னால் கறுப்பாக ஒன்று இருந்ததே என்றேன். அது மச்சம் என்கிறார். அந்த மச்சம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இல்லை. சரி, எழுதுங்கள் டீச்சரம்மா, கோபப்படாதீர்கள்.

அந்த அரிகிருஷ்ணன் ஏணியை விட்டுவிட்டுக் காகிதத்தைக் கையில் எடுத்தான். "அடேங்கப்பா! வேதா அடிச்சதா இது? இன்னா லட்சணமா கீது! ஒரு அடித்தல் திருத்தல் கீதா பாரு நைனா. பெங்களூர்காரன் பாத்துட்டு அப்டியே வாயப் பொளந்துடுவான்!" என்றான். நான் காகிதத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏணியைக் கொடுத்து அனுப்பினேன்.

அவன் போனதும் தனம் உப்பும் மிளகாயும் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். "சுத்திப் போட்டுடறேன்யா" என்றாள். அவள் சுற்றியிருக்கலாம். நான்தான், "அறிவு கீதா உனக்கு? அடுப்புல மிளகா வெடிச்சு ஒரு பொறி காகிதத்துல விழுந்தா இன்னா ஆவறது?" என்று அதட்டித் திருப்பி அனுப்பினேன். பொறியைப் பற்றி யோசித்தவன் புள்ளியைப் பற்றி யோசிக்கவில்லை. தனத்தின் மைக் கிண்ணத்தை எடுத்தேன்.

குழந்தை என்றால் கன்னத்தில் வைக்கலாம். காகிதத்துக்குக் கன்னம் எங்கே? ஓரத்தில் வைத்தால் வெள்ளையில் கறுப்பு பளிச்சென்று தெரியும், வேதா கத்துவாள். அப்போதுதான் அந்த இரண்டு புள்ளியும் கண்ணில் பட்டது. புள்ளி இருக்கிற இடத்தில் இன்னொரு புள்ளி இருந்தால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவளே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், அந்தப் பிரிண்டர் எழுத்து எழுதுவதில்லையாம், ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தித்தான் ஒவ்வொரு எழுத்தும் உண்டாகிறதாம். காகிதம் முழுக்கவே புள்ளிதான் என்றால் என்னுடையது ஒன்று கூட இருந்துவிட்டுப் போகட்டுமே!

விரலால் வைத்திருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். அப்பி இருக்கும், ஏதோ கறை என்று நீயே விட்டிருப்பாய். நான் தீக்குச்சியைச் சீவி, நுனியில் மையைத் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, பக்கத்து இரண்டுக்கும் அளவு பார்த்து வைத்தேன். ஒரு வயிற்றில் பிறந்த மூன்று பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்துவிட்டன. எனக்கு ஒரே பெருமை. கூரியர் ஆபீசுக்கு வேதாவைத் தூக்கவிடாமல் நானே அந்தக் கவரை மேற்குத் தாம்பரம் வரைக்கும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன்.

அப்புறம் உன் பதில் வந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் நின்றே படித்தாள். படித்துவிட்டு யாரையும் திட்டவில்லை ஜெயவேலு. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான்தாம்ப்பா சரியாப் பாக்கல. பிரிண்டர் ஊசி கூட ஒண்ணு குத்தியிருக்கும் போல. கவர்ல போடறதுக்கு முன்னாடி இன்னொரு தபா பாத்திருக்கணும்" என்றாள். மறுநாள் அவள் ஆபீசில் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தப் பிரிண்டரைப் பிரித்துப் பார்த்தார்களாம். ஒரு கோளாறும் அகப்படவில்லையாம். கோளாறு அகப்படாத மெஷினை நம்பக்கூடாது என்று அதைத் தூக்கி மூலையில் வைத்துத் துணியைப் போட்டு மூடிவிட்டார்களாம். வாயில்லா மெஷின் அது, நான் செய்ததற்குத் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

வேதா இப்போது வேலைக்குப் போகிறாள், வருகிறாள். முன்னே மாதிரி ரயில் கதை எதுவும் சொல்வதில்லை. "இனிமே நான் எதுவும் எழுதி அனுப்பறதா இல்லம்மா. குடுத்த வேலையச் செஞ்சுட்டு வரேன், போதும்" என்று அவள் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். ஏசுபாதம் வேறு, "உங்க புள்ளி இன்னா ஆச்சு மேடம்?" என்று கேட் திறக்கும்போதெல்லாம் கேட்கிறாராம். அதற்காகவே பின் கேட் வழியாகப் போகிறாளாம்.

சொல்லிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். அவள் சாப்பிட உட்காருவாள். நான் "வேதா" என்பேன். "இன்னாப்பா?" என்பாள். அந்த முகத்தைப் பார்த்ததும் மோர்ச் சட்டியை எடுப்பேன். "மோர் வேணுமா?" என்பேன். இப்படியே தினமும் அவளுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். தனத்துக்கு மட்டும் விஷயம் தெரியும். மைக் கிண்ணத்தில் தீக்குச்சி கிடந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாயா பண்ணி வெச்சே! பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியல. போய்ச் சொல்லு" என்றாள்.

"சொல்றேன்டி."

"எப்போ? அவ அறுவதாங் கல்யாணத்துலயா? நான் சுத்திப் போடறேன்னேன், கேட்டியா? உப்பு மிளகா கொளுத்தினா தும்மலோட போயிருக்கும்."

அவள் சொன்னது நியாயம். அதனால்தான் டீச்சரம்மாவிடம் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். அசல் காகிதம் உன்னிடம்தான் இருக்கும். கமிட்டிக்காரர்களுக்கு செராக்ஸ் எடுத்துக் கொடுத்திருப்பாய். செராக்ஸுக்கு மை எது, அச்சு எது என்று தெரியாது, எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். நீ அசலை எடு. முதல் பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடி. மூன்றாவது புள்ளிக்கு நேரே எண்ணெய் ஊறி ஒரு வட்டம் இருக்கும். மற்ற இரண்டுக்கும் இருக்காது. அப்புறம் மோந்து பார். (முகர்ந்து என்று டீச்சரம்மா திருத்துகிறார். எப்படியோ, மூக்கை வைத்துப் பார்.) விளக்கெண்ணெய் வாசனை வரும். தனம் மை கூட்டினால் மாதக்கணக்கில் மணக்கும். எந்த ஊர்ப் பிரிண்டர் விளக்கெண்ணெயில் அச்சடிக்கிறது? கமிட்டியில் சந்தேகப்படுகிறவர் யார் இருந்தாலும் ஒவ்வொருவராக மூக்கை வைத்துப் பார்க்கட்டும். பார்த்த பிறகு அந்தப் புள்ளியைச் சுரண்டி எடுத்துவிட்டு, என் மகள் எழுதியது எழுதியபடி, இரண்டே புள்ளியோடு, மறுபடி ஒரு தடவை படியுங்கள். படித்துவிட்டு நன்றாக இல்லை என்றால் தாராளமாகத் தள்ளிவிடுங்கள். அவள் எழுதியதைத் தள்ளுங்கள், நான் எழுதியதற்காக அவளைத் தள்ளாதீர்கள். மாமன் எழுதினான் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

இந்தத் தலையில் எத்தனையோ பேர் பெட்டி ஏறியிருக்கிறது. கண்ணாடிச் சாமான், தையல் மெஷின், ஒரு தடவை காலேஜ் துரை ஒருவரின் பியானோப் பெட்டியில் ஒரு மூலை. எதையும் நான் போட்டு உடைத்ததில்லை. என் மகள் இரண்டு வருஷம் சுமந்ததை மட்டும் ஒரு தீக்குச்சியால் உடைத்துவிட்டேன். மிகவும் வருந்துகிறேன். பேஜாராகவும் இருக்கிறது.

உன் வீட்டில் பால் குறையாமல் இருக்கட்டும். உன் மெஷின்கள் கரண்ட் போகாமல் ஓடட்டும். குழந்தைக்கு என் முத்தம். உன் அம்மாவைப் பனியில் உட்காரவேண்டாம் என்று சொல்.

இப்படிக்கு உன் மாமன் குப்புராஜ். கீழே கறுப்பாக இருப்பது என் இடது கைப் பெருவிரல் ரேகை. அதையும் புதுச் சின்னம் என்று நினைத்து கமிட்டியில் வைத்துவிடாதே.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் வேதா டீச்சரம்மா வீட்டுக்கே ஓடி வந்தாள். மறுபடியும் செருப்பைக் கழற்றவில்லை. நான் கடிதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டேன். "அப்பா! பெங்களூர்லருந்து போன் வந்துது! தள்ளினத கமிட்டில மறுபடி எடுத்துப் பாத்தாங்களாம், ரெண்டையுமே வெச்சுக்கிட்டாங்கப்பா! ரெண்டு புள்ளின்னா கடைசி ஆளும் சேத்தி. மூணு புள்ளின்னா கடைசி ஆளுக்கு முன்னாடியே நிறுத்திக்கோன்னு அர்த்தம் வெச்சிருக்காங்க. சில வேலைக்கு அப்படியும் ஒண்ணு வேணுமாம். மூணாவது நான் வெக்கல, பிரிண்டர் கோளாறுன்னு சொன்னேன். நல்ல கோளாறுன்னு சிரிக்கிறாங்க!" என்றாள். பிரிண்டர் மூலையில் இருந்து நடு ஹாலுக்கு வந்துவிட்டதாம். சந்தனம் குங்குமம் வைத்து ஒரு முழம் பூவும் போட்டிருக்கிறார்களாம். அவள் பின்னாலேயே வந்த தனம் என் விலாவில் இடித்தாள். நான் வாயைத் திறந்தேன். "மோர் வேணுமா வேதா?" என்றேன்.

ஆகையால் ஜெயவேலு, மேலே எழுதியிருப்பது ஒன்றையும் செய்யாதே. புள்ளியைச் சுரண்டாதே. யாரும் மோந்து பார்க்க வேண்டாம். அதை வைத்தது பிரிண்டர்தான், எனக்கு எழுதப் படிக்கவே தெரியாது. "அப்ப இத ஏன் அனுப்பணும் பெரியவரே, கிழிச்சுடலாமே?" என்று டீச்சரம்மா கேட்கிறார். ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதனால் அனுப்புகிறேன். இரண்டு வருஷம் உட்கார்ந்து கடைசி ஆளையும் சேர்க்கிற மாதிரி ஒன்று செய்தாள் என் மகள். ஒரு நிமிஷத்தில் கடைசி ஆளை விட்டுவிட்டு நிற்கிற மாதிரி ஒன்று செய்துவிட்டேன் நான். இரண்டும் பாஸாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. என் புள்ளியை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஏசுபாதத்துக்கு டோக்கன் அடிக்கிற இடத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.